கட்டிலில் இருந்து வரையத் தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு 63 வயது, கணவருக்கு 68. நாங்கள் இருவர் மட்டும் இருப்பதற்காகப் புதிதாக ஒரு வீடு கட்டப் போகிறோம். மனை 30க்கு 50 அடி. பொறியாளர் கொடுத்த பிளானில் கீழே ஹால், தனியாகச் சாப்பாட்டு அறை, சமையலறை, பத்துக்குப் பத்தில் ஒரு விருந்தினர் அறை, பொதுவாக ஒரு குளியலறை. எங்கள் படுக்கையறையும் பிள்ளைகள் வந்தால் தங்கும் அறையும் மாடியில், ஒவ்வொன்றுக்கும் ஏழுக்கு நாலில் ஒரு குளியலறை. அழகுக்காக ஹாலை மட்டும் ஒரு படி இறக்கி வரைந்திருக்கிறார். எனக்கு முழங்கால் வலி உண்டு. அதைச் சொன்னால், "இப்போது நன்றாகத்தானே நடமாடுகிறோம், வீட்டை ஏன் மருத்துவமனை மாதிரிக் கட்ட வேண்டும்?" என்கிறார் கணவர். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் படுகிறது. பிளானில் எதை மாற்றலாம்?
- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் பாதி, டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு வருபவை. அப்போது நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான்.

உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும் என்பதால் அவர் கேட்டதில் இருந்தே தொடங்குகிறேன். வீடு மருத்துவமனை மாதிரி இருக்கக் கூடாது என்பதில் நான் அவர் பக்கம். ஆனால் வீடுகள் எப்போது அப்படி ஆகின்றன என்பதை இத்தனை வருடத் தொழிலில் நேரில் பார்த்திருக்கிறேன். எதையும் யோசிக்காமல் கட்டிவிட்டு, ஒருவர் விழுந்து எழுந்த பிறகு அவசரமாகச் சரிசெய்யும்போதுதான் அந்தக் கோலம் வருகிறது. மாடி ஏற முடியாதவருக்கு ஹாலின் நடுவில் கட்டில், சக்கர நாற்காலி நுழையாததால் கதவைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குத் திரைத்துணி, வாசலில் இரும்புத் தகட்டில் ஒரு சாய்தளம். முன்கூட்டி யோசித்த வீட்டில் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. அகலமான கதவு யார் பார்த்தாலும் நல்ல கதவுதான். படியில்லாத தரை யார் நடந்தாலும் சுகமான தரைதான்.

இந்த எண்ணத்துக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ரொனால்டு மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். சிறுவயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். முடியாதவர்களுக்கென்று தனியாக ஒன்றைச் செய்து ஒட்டுவதைவிட, எல்லோரும் பயன்படுத்தும்படி முதலிலேயே செய்துவிடலாமே என்றார். 'யுனிவர்சல் டிசைன்' என்று அதற்குப் பெயர் வைத்தார். அவரும் வேறு சிலரும் சேர்ந்து 1997இல் அதற்கு ஏழு விதிகளும் எழுதினார்கள். ஏழையும் இங்கே விவரிக்கவில்லை. உங்கள் பிளானுக்கு வருவோம்.

பொதுவாக வீட்டை வாசலில் இருந்துதான் வரைகிறார்கள். வாசல், ஹால், சமையலறை, மிஞ்சிய இடத்தில் படுக்கையறை, அதிலும் மிஞ்சிய மூலையில் குளியலறை. உங்கள் வயதுக்காரர்களுக்கு நான் இதைத் தலைகீழாகச் செய்கிறேன். முதலில் கட்டில், அதில் இருந்து கழிப்பறைக்குப் போகும் வழி. இந்த இரண்டும் அமைந்த பிறகுதான் மீதி வீடு.

காரணம் இதுதான். வயது ஏற ஏற இரவில் ஒருமுறையாவது, பலருக்கு இரண்டு மூன்று முறை எழ வேண்டி வரும். தூக்கம் கலையாத கண். படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுப்பது இந்த வயதில் சகஜம், அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகம். அவசரம் வேறு. பகலில் ஊரெல்லாம் நடந்து வருபவரும் இரவில் இந்தப் பத்து அடியில் வேறு ஆளாகிவிடுவார். 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு 28 முதல் 35 சதவீதம் பேர் ஒருமுறையாவது விழுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய மூவரில் ஒருவர். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பிளானில் இந்தப் பயணம் மாடியில் நடக்கிறது, ஏழுக்கு நாலு அறையில் போய் முடிகிறது. அதனால்தான் சொல்கிறேன்.

என் பெற்றோரின் வீட்டை நானே வரைந்தேன். தொழிலுக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தது. குளியலறை ஏறத்தாழ உங்களுடைய அளவுதான், கதவு உள்பக்கமாகத் திறக்கும். ஒருநாள் விடியற்காலையில் அப்பா உள்ளே தலைசுற்றி விழுந்தார். விழுந்தவர் கதவின்மேலேயே சாய்ந்து கிடந்தார். தாழ்ப்பாள் கூடப் போடவில்லை, ஆனாலும் கதவு நாலு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. தள்ளினால் அவர்மேல்தான் இடிக்கும். அம்மா அந்த இடுக்கில் கையை விட்டு அப்பாவின் தோளைத் தொட்டபடி, "ஏங்க, ஏங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் வெளியே சுற்றிப் போய், வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு உள்ளே இறங்கினான். அப்பாவுக்குப் பெரிய அடியில்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை அம்மா கடைசிவரை மறக்கவில்லை. அந்தக் கதவை உள்பக்கம் திறக்கும்படி வரைந்தது நான்.

அன்றிலிருந்து வயதானவர்கள் வீட்டில் குளியலறைக் கதவை உள்பக்கம் திறக்க நான் விடுவதில்லை. வெளிப்பக்கம் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். நகரும் கதவானால் மேலே தொங்கும் வகையாகப் பாருங்கள், தரையில் தண்டவாளம் வேண்டாம். வெளியில் இருந்தும் ஒரு நாணயத்தை வைத்துத் திருகித் திறக்கக்கூடிய பூட்டு இருக்கிறது, அதையே கேளுங்கள்.

அந்தச் சம்பவத்தில் இருந்து நான் படித்த பெரிய பாடம் கதவைப் பற்றியது கூட இல்லை. உங்கள் பிளானை மறுபடி பாருங்கள். இருவருக்கான வீடு. ஆனால் ஒவ்வொரு முக்கியமான இடமும் ஒருவர் நிற்கத்தான் போதும். என்றாவது ஒருநாள், ஒரு மாதமோ ஒரு வருடமோ, உங்களில் ஒருவர் மற்றவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டி வரும். அது அவராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஆறு வாரமாகவும் இருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில், கழிப்பறையில், குளிக்கும் இடத்தில், காரில் இருந்து இறங்கும் இடத்தில், இருவர் தோளோடு தோள் நிற்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பிளானில் பாதி தானாகத் திருந்திவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம்.

உங்கள் படுக்கையறை கீழே வர வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தனிச் சாப்பாட்டு அறையை எடுத்துவிட்டு ஹாலோடு சேருங்கள். விருந்தினர் அறையும் பொதுக் குளியலறையும் இருந்த பக்கத்தை உங்கள் அறையாக மாற்றுங்கள். 12க்கு 14 அடி போதும், ஏன் போதும் என்றும் சொல்கிறேன். ஆறடி அகலக் கட்டிலை 12 அடிச் சுவரின் நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் 3 அடி கிடைக்கும். படுத்திருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்கவோ, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவோ அந்த 3 அடி வேண்டும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் உள்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். கட்டிலின் நீளம் ஆறரை அடி, எதிர்ச்சுவரில் அலமாரி 2 அடி. நடுவில் ஐந்தரை அடி மிஞ்சும். சக்கர நாற்காலி ஒரே வீச்சில் முழுவட்டம் திரும்ப 5 அடி விட்டம் வேண்டும். கிடைத்துவிட்டது. நாற்காலி வரவே வராமல் போகட்டும், அந்த இடத்தில் காலை வெயிலுக்கு இரண்டு பேர் உட்காரலாம்.

குளியலறைக்கு இடம் ஏது என்று கேட்பீர்கள். ஏழுக்கு நாலு என்றால் 28 சதுர அடி. அதில் இரண்டைச் சேர்த்தால் 56. எட்டுக்கு ஏழு வைத்தாலும் அதே 56தான். மூன்று நெருக்கமான குளியலறைகளுக்குப் பதில் ஒன்று தாராளமாகவும், வருபவர்களுக்குச் சிறியதாக ஒன்றும் போதும். மொத்தப் பரப்பு ஓர் அங்குலமும் அதிகமாகாது.

அந்த எட்டுக்கு ஏழில் என்ன எங்கே வருகிறது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன், நீங்களும் செலவிடுங்கள். கதவைத் திறந்தால் எதிரே கழிப்பறைப் பீங்கான் தெரிய வேண்டும். கதவு திறந்திருந்தால் கட்டிலில் இருந்தே தெரிந்தால் இன்னும் நல்லது. மறதி நோய் வந்தவர்கள் கழிப்பறையைத் தேடித் தடுமாறும்போது, கண்ணுக்குத் தெரிவதே அவர்களுக்கு வழிகாட்டும். பீங்கானின் ஒரு பக்கம் சுவர் இருக்கட்டும், பீங்கானின் நடுக்கோட்டில் இருந்து சுவர் 16 முதல் 18 அங்குலம். அந்தச் சுவரில்தான் கைப்பிடி வரும். மறுபக்கம் உதவுபவர் நிற்க, குறைந்தது இரண்டரை அடி காலியாக விடுங்கள். உட்காரும் உயரம் 17 முதல் 19 அங்குலம். உங்கள் முழங்காலுக்கு 19தான் சரி. ஆனால் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும், கடையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து எடுங்கள். கைப்பிடியின் உயரம் தரையில் இருந்து 33 முதல் 36 அங்குலம், நீளம் மூன்றரை அடி. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளி. அதற்கு மேல் விட்டால் கை வழுக்கி இடுக்கில் மாட்டும். ஆள் முழு எடையையும் போட்டுத் தொங்கினாலும் பிடுங்கிக்கொண்டு வரக் கூடாது. துண்டு போடும் கம்பியை நம்பி விழுந்தவர்கள் நிறைய. அதனால் துண்டுக் கம்பி இருக்கும் இடத்திலும் உறுதியான கைப்பிடியையே மாட்டிவிடுங்கள், துண்டையும் அதிலேயே போடலாம்.

கைப்பிடியே வேண்டாம் என்று உங்கள் கணவர் சொன்னால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆனால் சுவர் தயாராக இருக்கட்டும். உள்ளீடற்ற சிமென்ட் கட்டையிலோ (ஹாலோ பிளாக்) பலகையிலோ சுவர் எழுப்புவதாக இருந்தால், கைப்பிடி வரும் உயரத்தில் கெட்டியாக நிரப்பச் சொல்லுங்கள். பூச்சுக்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து, தரையில் இருந்து எத்தனை அங்குலம் என்று எழுதி வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து ஒரு துளையிடும் இயந்திரத்தோடு அரை மணி நேர வேலை.

குளிக்கும் இடம் 5க்கு 3 அடியாவது இருக்கட்டும். அதைச் சுற்றிக் குட்டைச் சுவரோ வரம்போ வேண்டாம். தண்ணீர் வெளியே வராதா என்பீர்கள். வாட்டம் சரியாக இருந்தால் வராது. ஐம்பது அங்குலத்துக்கு ஓர் அங்குலம் இறக்கம், சுவரோரம் நீளவாக்கில் ஒரு வடிகால். இதற்கு அந்த இடத்தின் தரைக் கான்கிரீட் மற்ற இடங்களைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தாக வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு கொத்தனாரிடம் சொன்னால் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான், குளியலறை முழுவதையும் உயர்த்தி வாசலில் ஒரு படி வைத்துவிடுவார். அந்தப் படிதான் இரவில் கால் தடுக்கும் இடம். ஆகவே இதை இப்போதே, வரைபடத்திலேயே எழுதி வாங்குங்கள். உட்கார்ந்து குளிக்க ஒரு மேடை அல்லது கனமான ஸ்டூல், அதில் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் குழாய், கையில் எடுத்துப் பிடிக்கும் ஷவர். வெந்நீர் குழாயில் வரும்போது 49 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி கலக்கும் வால்வு ஒன்று பொருத்துங்கள். 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும். வயதானவர்களின் தோல் மெல்லியது, சூடு உறைப்பதும் தாமதம்.

டைல்ஸ் வாங்கும்போது 'வழுக்காது' என்ற கடைக்காரரின் வாக்கை மட்டும் நம்ப வேண்டாம். சொரசொரப்பை அளந்து ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று தரம் குறிப்பார்கள். எண் கூடக் கூடப் பிடிப்பு கூடும். குளியலறைக்கு ஆர் 11 கேளுங்கள். மாதிரித் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலை வைத்துப் பாருங்கள். நிறமும் முக்கியம். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைப் பீங்கான் மூன்றும் சேர்ந்தால் மங்கலான கண்ணுக்கு எது எங்கே முடிகிறது என்றே தெரியாது. தரையாவது வேறு நிறமாக இருக்கட்டும்.

கண்ணைப் பற்றிச் சொல்லும்போதே வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். வயதாக ஆகக் கண் பாப்பா சுருங்கும், விழிவில்லை மஞ்சளிக்கும். இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. உங்கள் பிள்ளைகளுக்குப் போதும் என்று தோன்றும் விளக்கு உங்களுக்குப் போதாது. அதற்காகக் கூரையில் ஒரு பெரிய விளக்கைப் போட்டால் கண் கூசும், அதுவும் இந்த வயதில் அதிகம். நாலு சிறிய விளக்குகளாகப் பிரித்து, பல்பு நேராகக் கண்ணில் படாமல் போடுங்கள். இரவுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கட்டிலுக்கு அடியிலும் குளியலறை போகும் வழியிலும், தரையில் இருந்து ஓரடி உயரத்தில், ஆள் அசைவு பட்டால் எரியும் மெல்லிய மஞ்சள் விளக்கு. காலை இறக்கியதும் தரை தெரிய வேண்டும், பக்கத்தில் தூங்குபவருக்குத் தெரியக் கூடாது.

ஸ்விட்சுகள் தரையில் இருந்து மூன்று, மூன்றரை அடிக்குள். பிளக் பாயிண்ட் ஒன்றரை அடிக்குக் கீழே வேண்டாம், குனிய முடியாது. கட்டிலின் இரண்டு பக்கமும் ஸ்விட்ச் வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டுப் போவது எலக்ட்ரீஷியன்களின் வழக்கம்.

கதவுகளில் ஒரு நுணுக்கம். பிளானில் மூன்றடி என்று போட்டிருப்பது நிலையின் வெளி அளவாக இருக்கும். நிலைக்கட்டையின் கனம், திறந்த கதவின் கனம் எல்லாம் போக உண்மையில் நுழையக் கிடைப்பது அதைவிடக் குறைவு. சக்கர நாற்காலி போக அந்தக் கடைசி அளவு 32 அங்குலமாவது வேண்டும். ஆகவே பொறியாளரிடம், "கதவைத் திறந்து வைத்த பிறகு எனக்கு 32 அங்குலம் மிஞ்ச வேண்டும்" என்று சொல்லுங்கள். வேறு எந்த எண்ணும் வேண்டாம். குளியலறைக் கதவுக்கும் இதே அளவுதான், அங்கேதான் குறைத்துவிடுவார்கள். உருண்டைக் குமிழுக்குப் பதில் அழுத்தித் திறக்கும் நீளப் பிடி வையுங்கள். விரல் மூட்டு வலிக்கும் நாளில் முழங்கையாலேயே திறக்கலாம். அறைகளுக்கு நடுவே நிலைப்படி வேண்டாம். வைத்தே ஆக வேண்டிய இடத்தில் அரை அங்குலத்தைத் தாண்டாமல், விளிம்பைச் சாய்த்துவிடச் சொல்லுங்கள்.

ஹாலில் இறக்கியிருக்கும் அந்த ஒற்றைப் படியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பத்துப் படி இருந்தால் மனம் அதைப் படிக்கட்டு என்று கவனித்து இறங்கும். ஒரே ஒரு படியைக் கண் தவறவிடும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே நிறத் தரையாக இருந்தால் நிச்சயம் தவறவிடும். ஹாலுக்குத் தனி அழகு வேண்டுமென்றால் கூரையை உயர்த்துங்கள், ஜன்னலைத் தாழ்த்துங்கள். ஜன்னலின் அடிமட்டம் தரையில் இருந்து 2 அடியில் இருந்தால், உட்கார்ந்திருப்பவருக்கும் தெரு தெரியும், செடி தெரியும், யார் வருகிறார்கள் என்று தெரியும். உங்கள் படுக்கையறையிலும் ஒரு ஜன்னலாவது இப்படி வேண்டும். ஒரு மாதம் படுக்கையில் இருக்க நேர்ந்தவர்களைக் கேட்டால் தெரியும், அவர்களுக்கு அந்த ஜன்னல் எவ்வளவு பெரிய துணை என்று.

கொஞ்ச காலத்துக்கு முன் வயதான அம்மா ஒருவரின் பழைய வீட்டை அளக்கப் போயிருந்தேன். தனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை, கைப்பிடி எதுவும் வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். உள்ளே போனால், நடையின் வெள்ளைச் சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பழுப்புக் கோடு. படுக்கையறை நிலையில் தொடங்கி, குளியலறை நிலையில் முடிந்தது. நிலைக்கட்டையில் ஓர் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து மரம் வழவழப்பாகத் தெரிந்தது. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கையை நீட்டி அந்தக் கோட்டின்மேல் வைத்தார். சரியாகப் பொருந்தியது. புது வீட்டில் அதே உயரத்தில், நடை நெடுக, நாலு அங்குல அகலத்தில் ஒரு மரத்தட்டு வைத்துக் கொடுத்தேன். பார்ப்பவர்களுக்குப் புகைப்படங்கள் வைக்கும் தட்டு. அவருக்குக் கை வைக்கும் இடம். நீங்களும் இப்போது இருக்கும் வீட்டின் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கே கை பட்டு அழுக்காகியிருக்கிறதோ, அந்த இடங்களைப் பொறியாளரிடம் சொல்லுங்கள்.

சமையலறையைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் நாளில் பாதி அங்கேதான் போகும். பிளானில் தலைக்கு மேல் இருக்கும் பரண்களை மறந்துவிடுங்கள். எட்டாத இடத்தில் இருப்பதை எடுக்க ஸ்டூல் மேல் ஏறத்தான் தோன்றும். தினமும் எடுக்கும் பொருளெல்லாம் முழங்காலுக்கு மேல், தோளுக்குக் கீழ். மேடைக்கு அடியில் கதவு வைத்த அலமாரியைவிட வெளியே இழுக்கும் டிராயர் நல்லது, மண்டியிட வேண்டியதில்லை. மேடையின் ஒரு பகுதியில் மட்டும் அடியில் ஒன்றும் வைக்காமல் இரண்டரை, மூன்றடி அகலம் காலியாக விடுங்கள், நாற்காலி போட்டுக் கால் நீட்டி உட்கார்ந்து நறுக்கலாம். உங்கள் முழங்கால் இப்போதே அதற்கு நன்றி சொல்லும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே முழுச் சுவர் வேண்டாம். காது மந்தமாகும்போது கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும், பேச்சு கேட்கும் ஆனால் வார்த்தை புரியாது. எதிரில் முகம் தெரிந்தால் பாதி புரிந்துவிடும். ஓர் அறையில் இருந்து இன்னோர் அறைக்குக் கத்திக் கத்திக் கோபித்துக்கொண்ட தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குள் கோபமே இல்லை, குற்றம் சுவருடையது.

கீழே இரண்டாவதாக ஓர் அறையும் இருக்கட்டும், 10க்கு 11 போதும், உங்கள் அறைக்குப் பக்கத்திலேயே. குறட்டை, இருமல், ஒருவருக்கு விடிய விடியத் தூக்கம் வராதது என்று எத்தனையோ காரணங்களுக்காகச் சில இரவுகள் தனியே படுக்க வேண்டி வரும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, இருவரும் தூங்கினால்தான் மறுநாள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள முடியும். பிறகு உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டாலும் அவருக்கும் ஓர் இடம் வேண்டும்.

மாடி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கென்று இரண்டு அறைகள் இருக்கட்டும், அல்லது இப்போது படிக்கட்டை மட்டும் கட்டிவிட்டு அறைகளைப் பிறகு எழுப்பலாம். படி ஏறும் உயரம் 6 அங்குலம், மிதிக்கும் அகலம் 12 அங்குலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. இறங்கும்போது வலுவான கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் பிடி வேண்டும் அல்லவா? படிக்கட்டை வாசலுக்கு அருகில் வைத்தால், பின்னாளில் மாடியில் வேறு யாராவது குடியிருந்தாலும் உங்கள் நடமாட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. கீழும் மேலும் ஒன்றன்மேல் ஒன்றாக 5க்கு 5 அடியில் பொருள் வைக்கும் அறை ஒன்று வரையச் சொல்லுங்கள். என்றாவது லிஃப்ட் வைக்க நினைத்தால் நடுவில் இருக்கும் தளத்தை வெட்டினால் போதும். ஆனால் அந்த இடத்தில் உத்திரம் எதுவும் குறுக்கே ஓடாமல் இப்போதே பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.

கடைசியாக வாசல். வீட்டின் தரை மட்டம் ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஓரடி ஏற 12 அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு, அப்படியானால் 18 அடி. வாசலுக்கு நேரே வைத்தால் பார்த்ததும் சாய்தளம் என்று தெரியும், உங்கள் கணவருக்குப் பிடிக்காது. உங்கள் மனை 50 அடி நீளம். வீட்டின் பக்கவாட்டில் செடிகளுக்கு நடுவே 30 அடி நீளத்துக்கு மெல்ல ஏறிப் போகும் நடைபாதையாகவே போட்டுவிடலாம், 4 அடி அகலத்தில். ஓரடிக்கு 20 அடி என்ற அந்தச் சாய்வு நடப்பவருக்குக் காலில் அவ்வளவாகத் தெரியாது. முன்பக்கம் வழக்கமான படிகளும் இருக்கட்டும். படுக்கையறையில் இருந்து வெளியே போகும் வழியில் இடுக்கான திருப்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறரை அடி ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாமல், ஆளை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போன வீடுகள் உண்டு.

இதையெல்லாம் காகிதத்தில் பார்த்து முடிவு செய்ய உங்களால் முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தொழிலில் இருக்கும் எங்களுக்கே சில சமயம் பிடிபடாது. மார்க்கிங் செய்யும் நாளில் மனைக்கு இருவருமே போங்கள். சுண்ணாம்புப் பொடியில் வெளிச்சுவர்கள் மட்டும் போடுவார்கள், உள்ளே அறைகளையும் கதவுகளையும் கட்டிலையும் பீங்கானையும் கூடப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருந்து ஒரு நாற்காலி கொண்டுபோய் பீங்கான் இருக்கும் இடத்தில் வையுங்கள். அவர் உட்காரட்டும், நீங்கள் கை கொடுத்து எழுப்பிப் பாருங்கள். அப்புறம் நீங்கள் உட்காருங்கள், அவர் எழுப்பட்டும். கோட்டை மிதிக்காமல் முடிகிறதா என்று பாருங்கள். மிதித்தால் எந்தக் கோடு, எத்தனை அங்குலம் என்று குறித்துக்கொண்டு, திருத்திய பிளானோடு சேர்த்து எனக்கு அனுப்பி வையுங்கள். பார்த்து எழுதுகிறேன்.